‘செகண்ட் ஃபவுண்டேஷன்’ படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி: முத்தொகுதியின் கடைசிப் பாகத்தை அவசரமில்லாமல் அணுகுவது எப்படி

அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஐசக் அசிமோவின் ஃபவுண்டேஷன் முத்தொகுதியில் மூன்றாவது புத்தகத்தின் பெயர் ‘செகண்ட் ஃபவுண்டேஷன்’. பெயரிலேயே ‘இரண்டாவது’ என்று இருப்பதால் அதை இரண்டாம் பாகம் என்று எண்ணி வாங்கியவர்களில் நானும் ஒருவன். கல்லூரி நாட்களில், மதுரை மேலமாசி வீதிப் பக்கம் ஒரு பழைய புத்தகக் கடையில், அட்டையின் ஓரம் கரையான் அரித்த பிரதி ஒன்று மலிவாகக் கிடைத்தது. முதல் பாகத்தை முடித்த கையோடு அதைத் திறந்தேன். உண்மையான இரண்டாம் பாகம் கடைசிப் பக்கங்கள் வரை பொத்திப் பொத்தி வைத்திருந்த ரகசியத்தை இது எடுத்த எடுப்பிலேயே போகிற போக்கில் சொல்லிவிட்டது. அந்த இழப்பை எந்த மறுவாசிப்பும் ஈடுசெய்யவில்லை.

போன கோடை விடுமுறையில் அக்கா மகள் இந்த வரிசையைப் படிக்க வேண்டும் என்று வந்து நின்றபோது, என் தவறு அவளுக்கு நேரக்கூடாது என்பதற்காகச் சில குறிப்புகளை எழுதிக் கொடுத்தேன். வில்லாபுரத்து வீட்டு மொட்டை மாடியில் மாலை வேளைகளில் இருவரும் சேர்ந்து படித்ததில் அந்தக் குறிப்புகள் வளர்ந்து இந்த வழிகாட்டி ஆயின. முடிவை இதில் எங்கும் சொல்லவில்லை. ஆனால் முதல் இரண்டு பாகங்களையும் படித்தவர்களுக்காக எழுதியது என்பதை நினைவில் வையுங்கள்.

கையில் இருப்பது எந்தப் பாகம்

‘ஃபவுண்டேஷன்’ 1951லும், ‘ஃபவுண்டேஷன் அண்ட் எம்பயர்’ 1952லும், ‘செகண்ட் ஃபவுண்டேஷன்’ 1953லும் புத்தகங்களாக வந்தன. படிக்க வேண்டிய வரிசையும் இதுவே. 1982 முதல் அசிமோவ் இந்த வரிசையை நீட்டித்துப் பின்கதைகளும் முன்கதைகளும் எழுதினார். கதையின் காலவரிசைப்படி படிக்க வேண்டும் என்று சொல்லி, 1988இல் வந்த முன்கதையிலிருந்து தொடங்கச் சொல்பவர்களும் உண்டு. அந்த யோசனையை நான் ஏற்பதில்லை. பின்னாளில் எழுதிய முன்கதைகள், வாசகர் ஏற்கெனவே முத்தொகுதியை முடித்துவிட்டார் என்ற துணிவில் பல முடிச்சுகளைத் தாராளமாக அவிழ்த்துவிடுகின்றன. 2021இல் தொடங்கிய இணையத் தொடரையும் புத்தகச் சுருக்கமாகக் கொள்ள வேண்டாம். பெயர்கள் பொதுவாக இருந்தாலும் கதை பல இடங்களில் வேறு திசையில் போகிறது.

இன்னொன்றும் தெரிந்திருப்பது நல்லது. இந்த மூன்றும் நாவல்களாகப் பிறந்தவை அல்ல. ஜான் கேம்ப்பெல் ஆசிரியராக இருந்த ‘அஸ்டவுண்டிங் சயின்ஸ் ஃபிக்‌ஷன்’ என்ற அமெரிக்க இதழில் 1942 மே முதல் 1950 ஜனவரி வரை வெளிவந்த எட்டுக் கதைகளும், புத்தகத்துக்கென்றே புதிதாக எழுதித் தொடக்கத்தில் சேர்த்த ஒரு கதையும் சேர்ந்ததுதான் முத்தொகுதி. அவற்றில் ஐந்து முதல் பாகத்திலும், இரண்டு இரண்டாம் பாகத்திலும், இரண்டு மூன்றாம் பாகத்திலும் இருக்கின்றன. ஆகவே நீங்கள் கையில் எடுக்கும் கடைசிப் பாகம் ஒரே நாவல் இல்லை, இரண்டு குறுநாவல்கள். இந்த ஓர் உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

விட்டுப்போனதைப் பிடித்தல்

முதல் இரண்டு பாகங்களைப் படித்து வருடக்கணக்கில் ஆகிவிட்டதா? முழுவதையும் திரும்பப் படிக்கத் தேவையில்லை. முதல் பாகத்தின் தொடக்கக் கதையையும், இரண்டாம் பாகத்தின் பின்பாதியான ‘தி மியூல்’ கதையையும் மட்டும் படித்தால் போதும். இடையில் வரும் வணிகர்களும் தளபதிகளும் சுவையானவர்களே; ஆனால் கடைசிப் பாகத்தின் புதிருக்கு அவர்கள் அவசியமில்லை.

தொடக்கக் கதையில் ஒரே ஓர் இடத்தைப் பென்சிலால் கோடிட்டு வையுங்கள். பன்னிரண்டாயிரம் ஆண்டு பழமையான விண்மீன் பேரரசு வீழப்போகிறது என்றும், அதன்பின் வரவிருக்கும் 30,000 ஆண்டு இருட்டை 1,000 ஆண்டாகச் சுருக்கலாம் என்றும் கணித்த ஹாரி செல்டன், அதற்காக ‘ஃபவுண்டேஷன்’ என்ற பெயரில் இரண்டு அமைப்புகளை நிறுவுவதாகச் சொல்கிறார். ஒன்று டெர்மினஸ் என்ற ஓரத்துக் கிரகத்தில் அமைகிறது. மற்றொன்று விண்மீன் மண்டலத்தின் மறுமுனையில், ‘ஸ்டார்ஸ் எண்ட்’ என்று வைத்துக்கொள்வோமே என்கிறார். அதைச் சொல்லும்போது அவர் புன்னகைக்கிறார். மூன்றாம் பாகம் முழுவதும் அந்த ஒரு வரியைத் தேடி அலைவதுதான்.

மக்கள் கூட்டத்தின் வருங்காலத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் செல்டனின் ‘சைக்கோஹிஸ்டரி’ எப்படி வேலை செய்கிறது என்பதையும் ஒருமுறை தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வாயுவில் ஒற்றை மூலக்கூறு எங்கே போகும் என்று சொல்ல முடியாது, வாயு முழுவதும் எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்லிவிடலாம் என்பது அசிமோவ் தரும் உவமை. வேதியியல் படித்த அவருக்கு அது இயல்பாக வந்திருக்கும். எனக்குச் சித்திரைத் திருவிழா இன்னும் எளிதாகப் புரியவைக்கிறது. அழகர் ஆற்றில் இறங்கும் விடியலில் கோரிப்பாளையத்தில் நிற்கும் ஒரு மனிதர் அடுத்த நிமிடம் இடப்பக்கம் திரும்புவாரா, வலப்பக்கம் திரும்புவாரா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கூட்டம் எந்த நேரத்தில் எந்தச் சாலையை அடைக்கும் என்பது தடுப்புக் கட்டுகிறவர்களுக்கு முந்தைய வாரமே தெரியும். செல்டனின் முதல் நிபந்தனை இதுதான்: கூட்டம் பெரிதாக இருக்க வேண்டும். இரண்டாவது நிபந்தனை, அந்தக் கணிப்பு கூட்டத்துக்குத் தெரியக்கூடாது. ‘எல்லோரும் ஆழ்வார்புரம் பக்கம்தான் போவார்கள்’ என்று முதல் நாளே ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டால், பாதிப் பேர் வேறு வழியில் போய்விடுவார்கள், கணக்கு குலைந்துவிடும்.

இரண்டாம் பாகத்தில் மியூல் வந்து முதல் நிபந்தனையை உடைத்தான். பிறர் உணர்ச்சிகளைத் திருத்தியமைக்கும் ஆற்றல் கொண்ட ஒற்றை மனிதன் அவன். கூட்டத்தின் கணக்கில் அவன் அடங்கவில்லை. கடைசிப் பாகம் இரண்டாவது நிபந்தனையைக் கையில் எடுக்கிறது. மறைந்திருந்து நம்மைக் காக்கும் ஒரு கூட்டம் உண்டு என்று மக்களுக்குத் தெரிந்துவிட்டால் என்ன ஆகும்? சிலர் அவர்கள் காப்பார்கள் என்று சோம்பிக் கிடப்பார்கள்; சிலர் அவர்களை வெறுப்பார்கள். இரண்டுமே திட்டத்தைக் கெடுக்கும். மூன்று புத்தகங்களிலும் அசிமோவ் எழுப்பிய கேள்விகளுள் இதுவே ஆழமானது என்பது என் கருத்து.

நான்கு பத்தி நோட்டு

படிக்கத் தொடங்கும் முன் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து ஒவ்வொரு பக்கத்தையும் நான்கு பத்தியாகப் பிரித்துக் கோடு போடுங்கள். முதல் பத்தியில், இரண்டாம் ஃபவுண்டேஷன் எங்கே இருக்கிறது என்று கருத்துச் சொன்னவர் பெயர். இரண்டாவதில், அவர் சொன்ன இடம். மூன்றாவதில், அது அவருக்கு எப்படித் தெரிந்தது. நான்காவதில், அப்படிச் சொல்லும்போது அவர் மனம் அவருடையதுதானா என்ற கேள்விக்கு உங்கள் விடை.

நான்காவது பத்தியை வேடிக்கைக்காகச் சேர்க்கவில்லை. சாதாரணத் துப்பறியும் கதையில் சாட்சி உண்மை சொல்கிறாரா, பொய் சொல்கிறாரா என்று இரண்டே வாய்ப்புகள்தான் உண்டு. இங்கே மூன்றாவது ஒன்று இருக்கிறது. அவர் முழு நம்பிக்கையோடு, தாம் சொல்வது உண்மையென்று எண்ணியே பேசுகிறார். ஆனால் அந்த நம்பிக்கையை வேறு யாரோ அவருக்குள் வைத்திருக்கிறார்கள். அக்கா மகளின் நோட்டில் முதல் நான்கைந்து வரிகளில் ‘ஆம்’ என்று அழுத்தமாக எழுதியிருந்தாள். பத்து நாள் கழித்துப் பார்த்தால் அத்தனை ‘ஆம்’களையும் அடித்துவிட்டுக் கேள்விக்குறி போட்டிருந்தாள்.

முதல் குறுநாவல்: மியூலின் தேடல்

இந்தப் பகுதி ஆறு அத்தியாயங்களும் ஐந்து இடைச்செருகல்களும் கொண்டது. கல்கன் கிரகத்தில் இருந்து ஆளும் மியூல், தன் ஆட்சிக்கு எஞ்சியிருக்கும் ஒரே ஆபத்து இரண்டாம் ஃபவுண்டேஷன்தான் என்று உணர்ந்து, அதைக் கண்டுபிடிக்க இருவரை அனுப்புகிறான். ஒருவர் ஹான் பிரிட்சர்; ஒருகாலத்தில் மியூலை எதிர்த்து, பின்னர் மனம் மாற்றப்பட்டு அவனுக்கே விசுவாசமானவர். மற்றவன் பெயில் சானிஸ்; இளைஞன், கெட்டிக்காரன், மனம் மாற்றப்படாதவன். இந்த வேறுபாட்டை ஒவ்வொரு உரையாடலிலும் நினைவில் வைத்துப் படியுங்கள்.

இடைச்செருகல்களை இரண்டு முறை படிக்க வேண்டும். ஒவ்வொன்றும் மிகச் சிறியது, பேசுபவர்களுக்குப் பெயரும் இல்லை. முதல் இடைச்செருகலில் அசிமோவ் கதையை நிறுத்திவிட்டு, இவர்கள் நம்மைப்போல் வாய்ப்பேச்சில் பேசிக்கொள்வதில்லை, கண்ணசைவிலும் முகக்குறிப்பிலுமே கருத்தைப் பரிமாறுகிறார்கள், நான் உங்களுக்காக அதைச் சொற்களில் பெயர்த்துத் தருகிறேன் என்று விளக்குகிறார். அங்கே பலர் சலித்துப் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். தமிழ் வாசகருக்கு அதில் திகைக்க ஒன்றுமில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் பெரியம்மா ஒரு பார்வையிலேயே ‘சாம்பார் தீரப்போகிறது, அடுத்த பந்தியைக் கொஞ்சம் தாமதப்படுத்து’ என்று முழு வாக்கியம் சொல்வதை நாம் பார்த்துத்தானே வளர்ந்திருக்கிறோம்.

மொழியைப் பற்றி ஒரு சொல். அசிமோவின் ஆங்கிலம் எளியது. வர்ணனை குறைவு, பேச்சு அதிகம். சற்றுத் தடுக்கும் இடம் ரோசெம் என்ற குளிர்க் கிரகத்தில் நரோவி என்ற விவசாயி பேசும் அத்தியாயம். அங்கே கொச்சை வழக்கு வருகிறது. கண்ணால் படிக்காமல் வாய்விட்டுப் படித்தால் சரளமாகிவிடும். வாய்விட்டுப் படிக்கும் பழக்கத்தை அந்த அத்தியாயத்தோடு விட்டுவிடாமல், புதிதாக வரும் கிரகப் பெயர்களையும் உச்சரித்துப் பாருங்கள். ஏன் என்று இப்போது சொல்ல மாட்டேன்.

இதழில் வந்தபோது இந்தக் கதையின் தலைப்பு ‘நௌ யூ சீ இட்’. அடுத்த கதையின் தலைப்பு ‘அண்ட் நௌ யூ டோண்ட்’. இரண்டையும் சேர்த்துப் படித்தால் வித்தைக்காரன் கூவும் ‘இந்தா பாரு, இருக்கு, இப்ப பாரு, இல்லே’ என்ற வாக்கியம் கிடைக்கும். கூட்டத்தில் நின்று மோடி வித்தை பார்த்தவர்களுக்குத் தெரியும்: எந்தக் கையைப் பார்க்கச் சொல்கிறானோ அந்தக் கையில் ஒன்றும் நடக்காது. புத்தகமாக்கியபோது இந்தத் தலைப்புகளை மாற்றிவிட்டார்கள், நமக்கு ஒரு நல்ல துப்பு போயிற்று.

நடுவில் ஒரு வாரம்

முதல் குறுநாவலை முடித்ததும் புத்தகத்தை அலமாரியில் வைத்துவிடுங்கள். 1948 ஜனவரியில் முதல் கதையைப் படித்த வாசகர்கள் அடுத்ததற்காக 1949 நவம்பர் வரை காத்திருந்தார்கள். நமக்கு அவ்வளவு பொறுமை வேண்டாம்; ஒரு வாரம் போதும். கதைக்குள்ளும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்துபோகின்றன, மனிதர்கள் மாறிவிடுகிறார்கள், மியூல் பழங்கதை ஆகிவிடுகிறான். ஒரே மூச்சில் தொடர்ந்தால் அந்த இடைவெளி நம் மனத்தில் விழாது. வீட்டில் இருந்தால் கை சும்மா இருக்காது என்று தோன்றினால், அந்த வாரம் புதுநத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போய், ரோமப் பேரரசின் வீழ்ச்சியைப் பற்றி எட்வர்ட் கிப்பன் எழுதிய வரலாற்றைத் தேடிச் சில பக்கங்கள் புரட்டலாம். அசிமோவுக்கு இந்த வரிசை முழுவதற்கும் கரு கொடுத்தது அந்த நூல்தான்.

இரண்டாம் குறுநாவல்: ஃபவுண்டேஷனின் தேடல்

இங்கேதான் புத்தகம் உயிர்பெறுகிறது. கதையின் மையம் ஆர்கடி டாரெல் என்ற பதினான்கு வயதுப் பெண். இரண்டாம் பாகத்தில் வந்த பேய்ட்டாவின் பேத்தி. பேசினால் எழுதித் தரும் கருவியின் முன் உட்கார்ந்து, செல்டன் திட்டத்தைப் பற்றிப் பள்ளிக்கூடக் கட்டுரை ஒன்றை நாடகப் பாணியில் அவள் சொல்லிக்கொண்டிருப்பதில் கதை தொடங்குகிறது. அந்தக் கட்டுரையைத் தாண்டிப் போகாதீர்கள். இதழ் வாசகர்களுக்கு முன்கதையை நினைவூட்ட வேண்டிய கட்டாயத்தை அசிமோவ் ஒரு சிறுமியின் வீட்டுப்பாடமாக மாற்றிவிட்டார். முன்கதைச் சுருக்கம் எழுதுகிறவர்கள் எல்லோரும் பார்த்துக் கற்க வேண்டிய சாமர்த்தியம் அது. நடுவில் யாரோ சன்னலைத் தட்டுகிறார்கள்.

அவளுடைய தந்தை மூளை அலைகளை ஆராய்பவர். அவர் வீட்டில் ஐந்து பேர் கூடி, இரண்டாம் ஃபவுண்டேஷன் நம் மனங்களை ஆட்டுவிக்கிறது, அதைக் கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்று சதி ஆலோசனை செய்கிறார்கள். மனித மூளையின் மின் அலைகளைப் பற்றி ஹான்ஸ் பெர்கர் முதலில் வெளியிட்டது 1929இல். அசிமோவ் இதை எழுதும்போது அந்தத் துறைக்கு வயது இருபதுதான். இன்று இ.இ.ஜி. எடுக்கப்போகும் நமக்குச் சாதாரணமாகத் தெரிவது அன்றைய வாசகருக்கு எதிர்காலத்தின் வாசனை வீசியிருக்கும் என்பதை நினைத்துக்கொண்டு அந்தப் பக்கங்களைப் படியுங்கள்.

இந்தப் பகுதி மூன்று மாதத் தொடராக வந்தது. நீங்களும் மூன்று அமர்வாகப் பிரித்துக்கொள்ளலாம். எட்டாவது அத்தியாயம் மட்டும் மெதுவாகப் போக வேண்டிய இடம். அங்கே முதல் பேச்சாளர் என்ற மூத்தவர் ஒரு மாணவனுக்குச் செல்டன் திட்டத்தைச் சுவர் முழுதும் சமன்பாடுகளாக ஒளிரச்செய்து காட்டுகிறார். கல்கனின் தலைவன் ஸ்டெட்டின் தொடுக்கும் போரைப் பற்றிய அத்தியாயங்களை வேகமாகக் கடக்கலாம். போரை எழுதுவதில் அசிமோவுக்கு அக்கறையும் இல்லை, தேர்ச்சியும் இல்லை. கப்பல்கள் மோதுகின்றன என்று தகவல் வருகிறது, அவ்வளவுதான். கல்கனின் அரண்மனையிலும் விண்வெளி நிலையத்திலும் ஆர்கடி தனியாகத் தவிக்கும் அத்தியாயங்களுக்கு அந்த நேரத்தையும் கொடுங்கள்.

இருபதாம் அத்தியாயத்தில் புத்தகத்தை மூடுங்கள்

பொருளடக்கப் பக்கத்தை முன்கூட்டிப் பார்க்க வேண்டாம் என்று நான் ஆரம்பத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். கடைசி இரண்டு அத்தியாயங்களின் தலைப்புகளைச் சேர்த்துப் படித்தாலே ஒரு பெரிய திருப்பம் வலுவிழந்துவிடும். ‘எனக்குத் தெரியும்’ என்ற பொருளில் தலைப்புக் கொண்ட இருபதாம் அத்தியாயத்தில், சதியாலோசனைக் கூட்டத்தினர் மீண்டும் கூடி, இரண்டாம் ஃபவுண்டேஷன் இருக்கும் இடம் எனக்குத் தெரியும் என்று ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லத் தொடங்குகிறார்கள். அங்கே நிறுத்துங்கள். நோட்டை எடுத்து உங்கள் விடையை எழுதித் தேதி போடுங்கள்.

விடைக்கு எட்ட ஒரு பயிற்சி. ‘மறுமுனை’ என்ற சொல்லுக்கு என்ன பொருள்? ஒரு கயிற்றுக்கு மறுமுனை உண்டு. நம் பால்வீதியோ ஏறத்தாழ 1,00,000 ஒளியாண்டு குறுக்களவுள்ள சுழல் தட்டு. அதன் விளிம்பில் நிற்பவனுக்கு மறுமுனை எது? மதுரைக்காரர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று ஒன்றுக்கு வெளியே ஒன்றாக வீதிகள் சுற்றி வருகின்றன. கீழமாசி வீதியில் தேர்முட்டிப் பக்கம் நிற்கும் ஒருவரிடம், ‘மாசி வீதிக்கு அந்தக் கடைசி எங்கே?’ என்று கேட்டுப் பாருங்கள். மேலமாசி வீதியைக் காட்டுவாரா, நடந்து நடந்து நின்ற இடத்துக்கே வந்துவிடுவாய் என்பாரா, அல்லது கேட்டவரை ஏற இறங்கப் பார்ப்பாரா? இந்த மூன்றையுமே கதைக்குள் வெவ்வேறு மனிதர்கள் செய்கிறார்கள். ‘மறுமுனை’ என்று சொன்னவர் யார், எந்தத் தொழிலைச் செய்தவர் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். செல்டன் விண்வெளி மாலுமி அல்லர்.

அக்கா மகள் இந்த இடத்துக்கு வந்த மாலையில், நான் பக்கத்தில் உட்கார்ந்து பருத்திப்பால் குடித்துக்கொண்டிருந்தேன்.

“மாமா, நான் சொல்றது சரியா?” என்று தன் விடையைச் சொன்னாள்.

“படிச்சுப் பாரு” என்றேன். வாயை அடக்கிக்கொண்டாலும் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். அவள் ஒன்றும் பேசாமல் நோட்டில் புதிதாக ஒரு வரி எழுதினாள். எட்டிப் பார்த்தேன். முதல் பத்தியில் ‘மாமா’. இரண்டாவதில் ‘சொல்லவில்லை’. மூன்றாவதில் ‘முன்னாடியே படித்தவர்’. நான்காவதில் வழக்கமான கேள்விக்குறி.

அதன்பின் இருபத்தோராம் அத்தியாயத்தை ஒரு நாளும், இருபத்திரண்டாம் அத்தியாயத்தை மறுநாளும் படியுங்கள். ஒரே இரவில் இரண்டையும் படிக்கக் கை துறுதுறுக்கும், கூடாது. முதல் விடையோடு ஓர் இரவு தூங்கி எழ வேண்டும்.

முடித்த பிறகு

நோட்டை முதல் பக்கத்திலிருந்து திருப்பி, யார் யார் எந்த இடத்தில் உண்மையின் எவ்வளவு பங்கைத் தொட்டார்கள் என்று பாருங்கள். அசிமோவ் வாசகரை ஏமாற்றவில்லை, எல்லாத் துப்புகளையும் கண்ணெதிரே வைத்திருந்தார் என்பது அப்போது தெரியும். இன்னொரு கேள்வியையும் யாரோடாவது பேசித் தீர்க்க முயலுங்கள்: நம் நன்மைக்காகவே என்றாலும், நமக்குத் தெரியாமல் நம் மனத்தை ஒருவர் திருத்துவதை ஏற்கலாமா? பேரழிவைத் தவிர்க்க அது சிறிய விலை என்றேன் நான். என்னைக் கேட்காமல் என்னை நல்லவளாக்குவதற்கு அவர்கள் யார் என்றாள் அவள். ஆர்கடிக்கு நேர்ந்தது என்ன என்று நினைத்துப் பார்த்தால், வாதத்தில் அவள் பக்கம்தான் வலுவாக இருக்கிறது.

முத்தொகுதி 1966இல் எல்லாக் காலத்துக்குமான சிறந்த வரிசை என்று ஹியூகோ விருது பெற்றது. கதை அதோடு முடிந்தது என்றே வாசகர்கள் எண்ணியிருந்தார்கள். 1982இல் வந்த ‘ஃபவுண்டேஷன்ஸ் எட்ஜ்’ இந்தப் புத்தகத்தின் முடிவை வேறு வெளிச்சத்தில் காட்டுகிறது. அதை உடனே எடுக்காமல் ஒரு மாதமாவது தள்ளிப்போடுங்கள். அதற்குள் முதல் பாகத்தை எடுத்து, பென்சிலால் கோடிட்ட அந்த வரியை மீண்டும் ஒருமுறை படியுங்கள், செல்டன் ஏன் புன்னகைத்தார் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.